சுருங்கிய கண் மீண்டும் நிறைகிறதா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கடுவன் பூனை பட்டாணிக்கு ஏறத்தாழ 10 வயது. 7 வருடங்களுக்கு முன் தெருவில் இன்னொரு கடுவனோடு சண்டை போட்டு, இடக்கண்ணில் நகம் ஆழமாகக் கிழித்துவிட்டது. அப்போதே மருத்துவரிடம் காட்டினோம். புண் ஆறிவிட்டது, பார்வை போய்விட்டது. கண் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி உள்ளே போனது. அதன் பிறகு ஒரு குறையும் இல்லை. இப்போது இரண்டு மாதமாக அந்தக் கண் பெரிதாகிக்கொண்டே வருகிறது. உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் ஏதோ தெரிகிறது. காய்ந்து கிடந்த கண்ணுக்கு உயிர் வந்துவிட்டது போல இருக்கிறது. பார்வை திரும்புகிறது என்கிறார் என் மாமியார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறேன். நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். போன வாரம் பார்த்த மருத்துவர் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். இந்த வயதில் அது தேவையா? புற்றுநோயாக இருக்குமா? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், பரவுமா? எங்களிடம் உள்ள பெண் பூனையின் கண்ணிலும் பழைய வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது. அதையும் எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

"உயிர் வந்துவிட்டது போல" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். 7 வருடம் சுருங்கிக் கிடந்த கண் தானாக நிறைவதில்லை. நிறைகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று இடம் பிடித்து வளர்கிறது, அல்லது நீரோ சீழோ ரத்தமோ சேர்கிறது. பார்வை திரும்பவில்லை, திரும்பவும் திரும்பாது. உங்கள் மாமியாரின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. பார்ப்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த நோயில் நாட்களைத் தின்றுவிடுவது அந்தத் தோற்றம்தான்.

கண்ணை எடுக்கச் சொன்ன மருத்துவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவரை நான் நேரில் அறியேன், பட்டாணியைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய எவராலும் முடியாது. ஆனாலும் கடுவன், நடுவயது தாண்டிய பூனை, ஆழமான பழைய காயம், சுருங்கிய குருட்டுக் கண், பல வருட அமைதி, பிறகு திடீர் வளர்ச்சி என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, கால்நடை மருத்துவர்கள் முதலில் பயப்பட வேண்டிய ஒரு நோயின் வரலாற்றோடு வரிக்கு வரி பொருந்துகிறது. காயத்துக்குப் பின் பூனைக் கண்ணில் வரும் சார்கோமா என்று அதற்குப் பெயர். ஆம், அது புற்றுநோய்தான்.

கால்நடை மருத்துவம் இந்த நோயை அடையாளம் கண்டு அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டுபில்சிக் என்ற கால்நடை நோய்க்குறியியல் அறிஞர், காயம் பட்ட கண்ணில் இப்படிக் கட்டி வந்த மூன்று பூனைகளைப் பற்றி 1984-இல் எழுதினார். விலங்குகளின் கண்களை மட்டுமே பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றை அங்கே வளர்த்தவர் அவர். பல ஊர்களிலிருந்து எடுத்து அனுப்பப்பட்ட கண்கள் அங்கே சேரச் சேர, ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. எப்போதோ அடிபட்ட கண், மறந்தே போன காயம், அதற்குள் ஒரு கட்டி. இன்று பூனையின் கண்ணுக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில், கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலத்தில் வரும் மெலனோமா என்ற நிறச்செல் புற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது இதுதான். அதற்காகப் பூனை வளர்ப்பவர் எல்லாரும் பதற வேண்டியதில்லை. கண்ணில் அடிபட்ட பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது வருவதே இல்லை.

ஏன் வருகிறது? நுங்கு உரித்துப் பழகியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஒரு சிறிய நுங்கு. தெளிவான சதையைச் சுற்றி மெல்லிய தோல் இருக்கிறது. அந்தத் தோலின் உட்பக்கம், முன்புறமாக, ஒரே ஒரு வரிசையில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோல் கிழியாத வரை அவை வாழ்நாள் முழுவதும் அங்கேயே அடங்கிக் கிடக்கும். நகமோ முள்ளோ தோலைக் கிழித்துவிட்டால் செல்கள் சில வெளியேறிக் கண்ணின் மற்றப் பகுதிக்குள் போய்விடுகின்றன. வெளியே ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே அழற்சி வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் கிடக்கும் செல்களில் சில, ஒரு நாள் தம் இயல்பை இழந்து கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்குகின்றன. இந்தக் கட்டி வந்த கண்களை அறுத்துப் பார்த்தால் லென்ஸின் தோல் கிழிந்திருப்பது மீண்டும் மீண்டும் காணப்படுவதால்தான், ஆய்வாளர்கள் லென்ஸ் செல்களின் மேல் சந்தேகம் கொண்டார்கள். பூனைகளில் ரத்தப் புற்று உண்டாக்கும் வைரஸ் காரணமாக இருக்குமோ என்றும் தேடினார்கள், தடயம் கிடைக்கவில்லை.

நாய்க்கும் கண்ணில் அடிபடுகிறது, லென்ஸ் கிழிகிறது. ஆனால் நாய்க்கு இந்த நோய் வருவதாகக் காணோம். முயல்களில் சில தடவை பார்த்திருக்கிறார்கள். பூனையின் உடல் நீண்ட நாள் அழற்சியைச் சகித்துக்கொள்ளும் விதமே வேறு போலும். ஊசி போட்ட இடத்தில் பல மாதமோ பல வருடமோ கழித்து சார்கோமா வருவதும் பூனைகளில்தான் கவனிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அதைப் பற்றி உலகம் முழுவதும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்பது பலரின் எண்ணம், என் எண்ணமும் அதுவே.

காயத்துக்கும் கட்டிக்கும் இடையே சில மாதங்களும் போகலாம், 10 வருடத்துக்கு மேலும் போகலாம். கண்டுபிடிக்கும்போது பூனைக்குப் பெரும்பாலும் 7 முதல் 15 வயதுக்குள் இருக்கும். கடுவன்களிடம் அதிகம் காணப்படுவதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரவில் மதில்மேல் சண்டைக்குப் போவது யார் என்பது உங்களுக்கே தெரியும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இந்தக் கட்டி வளரும் விதம். ஒரு மூலையில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் கட்டி இல்லை இது. பானையின் உட்சுவர் முழுக்கப் பாசி படர்வது போலக் கண்ணின் உட்சுவரைச் சுற்றிப் படர்கிறது. படர்ந்து பின்பக்கம் போனதும் பார்வை நரம்பு இருக்கிறது. அந்த நரம்பு நேராக மூளைக்குப் போகும் வழி. போகும் வழியில் மற்றக் கண்ணிலிருந்து வரும் நரம்பையும் சந்திக்கிறது. கட்டி அந்தச் சந்திப்பை எட்டிவிட்டால் நல்ல கண்ணின் பார்வையும் போய்விடும், வலிப்பும் தள்ளாட்டமும் தொடரலாம். அதற்கு முன்னால் கட்டி கண்ணுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் காலம் ஒன்று இருக்கிறது. நீங்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

வேறு எதுவாகவும் இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வீங்கலாம், பழைய அழற்சி திரும்பியிருக்கலாம், புதிதாகக் குத்துப்பட்டுச் சீழ் கட்டியிருக்கலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பார்வை இல்லாத கண், வீங்கி வலிக்கிறது. காரணம் இவற்றில் எதுவாக இருந்தாலும் பூனைக்குச் செய்ய வேண்டிய நல்ல வைத்தியம் அந்தக் கண்ணை எடுப்பதுதான். அழுத்தமாக இருந்தால் வலி தீரும், சீழாக இருந்தால் சீழ் போகும், கட்டியாக இருந்தால் உயிர் பிழைக்க ஒரு வழி திறக்கும். எடுத்துப் பார்த்த பிறகு கட்டி இல்லை என்று முடிவு வந்தால், வீணாக எடுத்துவிட்டோமே என்று வருந்த அதில் எதுவும் இல்லை. முதலில் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. சிறு துளியில் கட்டி தப்பிவிடக்கூடும், தப்பிய முடிவை நம்பி இன்னும் மூன்று மாதம் போய்விடும். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

என் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். தையல் வேலை செய்யும் ஓர் அம்மாள், சுருங்கிய கண்ணோடு ஒரு சாம்பல் நிறக் கடுவனைக் கூடையில் கொண்டுவந்தார். "இதனால் ஏதும் தொல்லை வருமா?" என்றுதான் கேட்டார். "காய்ந்து போன கண், விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வருடம் கழித்து அதே கூடையில் அதே பூனை. சுருங்கிய கண் புடைத்திருந்தது, நல்ல கண்ணின் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. பூனை மேசையின் விளிம்பைக் காலால் தடவித் தடவிப் பார்த்தது. அப்போது செய்வதற்கு அதிகம் இல்லை. அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு சுருங்கிய குருட்டுக் கண்ணோடு எந்தப் பூனை வந்தாலும், வந்த காரணம் தடுப்பூசியாக இருந்தாலும், கண்ணை எடுத்துவிடுவதைப் பற்றி நானே பேச்செடுக்கிறேன்.

நந்தியாவட்டைக்கு வருவோம். என் பாட்டியும் அதைக் கண்ணில் வைத்தவர்தான், அந்தப் பூவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதன் சாறு கண்ணின் மேற்பரப்பைத் தாண்டிப் போகாது. உங்கள் சிக்கல் இருப்பது அதற்கு உள்ளே. கொதிக்க வைக்காத சாற்றில் புதிதாக ஒரு கிருமியைக் கொண்டு சேர்ப்பதுதான் மிச்சமாகும். தாய்ப்பால், தும்பைச் சாறு, விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கடையில் வாங்கிய சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். குப்பியை வீசிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர்களுக்கு விற்கும் கண் மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைக் குறைத்து, குணமாவது போல ஒரு வாரம் ஏமாற்றும். கருவிழியில் புண் இருந்தால் அதை ஆழமாக்கும். இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்: வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அரை மாத்திரை கூட உயிரை எடுத்துவிடலாம். பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. வலிக்கு மருத்துவர் தருவதை மட்டும் கொடுங்கள்.

வலி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. பட்டாணி கத்தவில்லை, அழவில்லை என்பதால் கேட்கத் தோன்றியிருக்காது. பூனை வலியை மறைத்து வைக்கும் பிராணி. முன்பு மடியில் படுத்தவன் இப்போது பீரோவுக்கு அடியில் தூங்குகிறானா? இடப்பக்கத் தலையைத் தடவினால் விலகுகிறானா? தன் மேனியை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து, முதுகில் மயிர் சடை பிடித்திருக்கிறதா? மீனை முகர்ந்துவிட்டுப் போகிறானா? இவற்றில் இரண்டு இருந்தாலே அவன் வலியோடு இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். "உயிரோடு இருக்கும் வரை இருக்கட்டும், வெட்ட வேண்டாம்" என்று மாமியார் சொன்னால் இதைச் சொல்லுங்கள். அறுவையின் வலி சில நாட்களில் மருந்தோடு போய்விடும். அந்தக் கண்ணை உள்ளேயே விட்டால் வலி நாளுக்கு நாள் கூடும்.

10 வயதில் மயக்க மருந்து தாங்குமா என்பது நியாயமான கேள்வி. வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு வளரும் பூனை 15 வயதைத் தாண்டுவது இப்போது அதிசயம் இல்லை. 10 என்பது பூனைக்கு ஓய்வூதிய வயது, அவ்வளவுதான். வயதைவிடச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். இதயத்தைக் கேட்க வேண்டும். பூனை எய்ட்ஸ், பூனை லுகேமியா இரண்டுக்கும் துளி ரத்தத்தில் பார்க்கும் சோதனைப் பட்டைகள் உண்டு. சண்டைக்காரக் கடுவன் என்பதால் அதையும் கேளுங்கள். தாடைக்கு அடியில் நெறிகட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள், மார்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். கண்ணை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தால் உள்ளே இருப்பது நீரா சதையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்குழியையும் மூளையையும் சி.டி. ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் நரம்பு வழியே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். வசதி இல்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாடு பக்கம்தானே. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அங்கிருந்து மேலே அனுப்ப வேண்டும் என்று நினைத்தால் சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது, கண் நோய்க்கென்று தனியாகப் பார்ப்பவர்கள் அங்கே உண்டு. இந்த அறுவை பழகிய கைக்குத்தான் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டி நரம்பில் ஏறியிருக்கலாம் என்பதால் கண்ணோடு சேர்த்து நரம்பையும் முடிந்த அளவு நீளமாக வெட்ட வேண்டும். ஆனால் பூனையின் பார்வை நரம்பு குட்டையானது, இழுத்தால் கொடுக்காது. நீளம் வேண்டும் என்று கண்ணை வெளியே இழுத்துப் பிடித்தால், உள்ளே இரு நரம்புகளும் கூடும் இடம் அடிபட்டு நல்ல கண்ணும் குருடாகிவிடும். இழுக்காமல், உள்ளே இறங்கிப் பின்னால் போய் வெட்டத் தெரிந்தவர் வேண்டும். மருத்துவரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பழகியவருக்குக் கோபம் வராது.

கண்ணை முழுவதும் எடுக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, அழகுக்காகச் செயற்கை உருண்டை வைக்கும் முறை ஒன்று உண்டு. நாய்களுக்குச் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கலாம். பூனைக்கு வேண்டவே வேண்டாம். கண்ணுக்குள் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஊசியாகப் போட்டு அழுத்தத்தைக் குறைக்கும் பழைய வழியும் பூனைக்கு ஆகாது, அந்த ஊசிக்குப் பின்னும் இதே சார்கோமா வந்திருக்கிறது.

அறுவை நாளைப் பற்றிச் சுருக்கமாக. முதல் நாள் இரவு எவ்வளவு மணிக்கு மேல் உணவு கூடாது என்று அவர்களே சொல்வார்கள். நீங்களாக ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட வேண்டாம். மூடியுள்ள கூடையில், அவன் படுக்கும் பழைய துணியைப் போட்டுக் கொண்டுபோங்கள். எடுத்த பிறகு இமைகளைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். முதல் இரண்டு நாள் அந்தப் பக்கம் வீங்கும், மூக்கில் ரத்தம் கலந்த நீர் சிறிது வரும். கண்ணுக்கும் மூக்குக்கும் வழி உண்டு, அதனால் பயப்பட வேண்டாம். ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். கழுத்தில் போடும் பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் என்று கழற்றிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். கழற்றினால் ஒரே இரவில் பின்னங்காலால் தையலைப் பிய்த்துவிடுவான். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். மயிர் வளர்ந்துவிட்டால், கண் அடித்தது போல ஒரு கோடுதான் மிஞ்சும்.

எடுத்த கண்ணைக் குப்பையில் போட விடாதீர்கள். எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவை நன்றாக முடிந்த மகிழ்ச்சியில் கண்ணைக் கழிவு வாளியில் போட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பிறகு ஆறு மாதம் கழித்துக் கண்குழி வீங்கும்போது, எதோடு போராடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. கண்ணை அறுக்காமல், முழுதாக, அதைப்போலப் பத்து மடங்கு 10 சதவீத பார்மலினில், அதாவது சதை கெடாமல் காக்கும் திரவத்தில், போட வேண்டும். நரம்பின் வெட்டுமுனையில் ஒரு நூலைக் கட்டியோ மை தொட்டோ அடையாளம் வைக்க வேண்டும். கால்நடைக் கல்லூரியில் எடுத்தால் நோய்க்குறியியல் துறை அங்கேயே இருக்கும், வெளியே அலைய வேண்டியதில்லை. சில கட்டிகளுக்குள் எலும்பு போலக் கெட்டியான பகுதி உருவாகியிருக்கும். அதை மென்மையாக்கித்தான் வெட்ட முடியும் என்பதால் முடிவு வர நாளாகலாம்.

முடிவுக் காகிதத்தில் நீங்கள் தேட வேண்டியது கட்டியின் பெயரை மட்டும் இல்லை. நீள்செல் வகை என்று இருக்கலாம், அதுதான் அதிகம். வட்டசெல் வகை என்று இருக்கலாம், எலும்புச் சார்கோமா என்று அபூர்வமாக இருக்கலாம். பெயரைவிட இரண்டு செய்திகள் முக்கியம். கட்டி கண்ணின் வெள்ளைச் சுவரைத் தாண்டியிருக்கிறதா? நரம்பின் வெட்டுமுனையில் கட்டி செல்கள் இருக்கின்றனவா? இரண்டுக்கும் இல்லை என்று வந்தால், நிம்மதியாக மூச்சு விடலாம், அப்படிப்பட்ட பூனைகள் பல ஆண்டுகள் நன்றாக வாழ்ந்திருக்கின்றன. நரம்பு முனையில் இருக்கிறது என்று வந்தால் உங்களிடம் மழுப்ப மாட்டேன். பெரும்பாலும் சில மாதங்களுக்குள் கண்குழியில் திரும்பும், அல்லது மூளைப் பக்கம் போகும். அதற்கு மேல் கதிர்வீச்சோ கீமோவோ நிச்சயமாகக் கைகொடுக்கும் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அப்போது அவன் வலியில்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்வதே வைத்தியமாகும். எப்படி வந்தாலும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்குழி புடைக்கிறதா, மற்றக் கண்ணின் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று நீங்களே வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இது தொற்றுநோய் இல்லை, பிள்ளைகளுக்கோ உங்கள் இன்னொரு பூனைக்கோ பரவாது. பட்டாணியோடு ஒரே பாயில் படுக்கலாம். தையல் பிரியும் வரை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாமல் இருந்தால் போதும், அதுவும் அவனுக்காகத்தான்.

அந்தப் பெண் பூனைக்கு வருகிறேன். அவளுடைய தழும்பையும் பட்டாணியின் கண்ணையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். கருவிழியின் மேல் மட்டும் ஒரு வெள்ளைத் தழும்பு, கண் அளவு மாறவில்லை, பார்வை இருக்கிறது என்றால் அந்தக் கண்ணைத் தொடவே கூடாது. பஞ்சை ஒரு சிறு உருண்டையாக உருட்டி அந்தப் பக்கமாக மெல்லப் போட்டுப் பாருங்கள், கண்ணால் தொடர்கிறாளா என்று தெரியும். ஒரத்தநாட்டுக்குப் போகும்போது அவளையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். லென்ஸ் வரை காயம் போயிருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். போகவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பார்வை இல்லாமல், கண்ணும் சுருங்கத் தொடங்கியிருந்தால், கட்டி வரும் வரை காத்திராமல் இப்போதே எடுத்துவிடுங்கள் என்பேன். எல்லா மருத்துவரும் இதில் ஒத்துப்போக மாட்டார்கள், கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்பவர்களும் உண்டு. அந்தச் சாம்பல் நிறக் கடுவனைப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

7 வருடத்துக்கு முன் அன்றே எடுத்திருந்தால் என்ற எண்ணம் உங்களுக்கு இதைப் படிக்கும்போது வரும். அன்று புண்ணை ஆற்றினீர்கள், பூனை பிழைத்தது. சுருங்கிய கண்ணைப் பற்றி யாரும் எச்சரிக்காதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒற்றைக் கண்ணோடு எப்படி வாழ்வான் என்ற கவலைக்கும் இடமில்லை. 7 வருடமாக அவன் ஒற்றைக் கண்ணோடுதான் மதில் ஏறிக்கொண்டிருக்கிறான்.

வரும் திங்கட்கிழமை காலையே போய்விடுங்கள், மாதக் கடைசி வரை தள்ள வேண்டாம். முடிவுக் காகிதம் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நரம்பின் வெட்டுமுனையைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறதோ, அந்த வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள்.